ஒற்றைக் கொடி

“பத்துப் பேர் சேர்ந்து கத்தினா நீ மாத்திச் சொல்லிடுவ. படிக்கிற புள்ளைங்களுக்கு சத்தம் ஆகாது.” மெல்போர்ன் ஆன்ட்டி என்னிடம் இதைச் சொன்னது டெக்சாஸில், ரவுண்ட் ராக் ஊரில், ஒரு சிக்னலில் கார் நின்றிருந்தபோது. சொல்லிக்கொண்டே பின் சீட்டுக்குக் கையை நீட்டி இரண்டு வெள்ளைக் கொடிகளை எடுத்து என் மடியில் போட்டார். பழைய படுக்கை விரிப்பைச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, குச்சியில் கோத்த கொடிகள். ஒன்றில் தையல் நேராக இருக்கும். மற்றதில் பாதி வழியில் கோணிக்கொண்டு போய்த் திரும்பி வரும். தைக்கும்போது டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

படிப்பு முடிந்து ரவுண்ட் ராக்கில் வேலை கிடைத்ததும் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அங்கிள் கம்பெனி மாற்றலில் டெக்சாஸ் வந்திருந்தார். அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் அவர்கள் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் இருந்தவர்கள். ஆன்ட்டிக்குச் சொந்த ஊர் திருச்சி. ஆனால் எந்தப் பேச்சும் அவரிடம் மூன்றாவது வாக்கியத்தில் மெல்போர்னுக்குப் போய்விடும் என்பதால் இங்குள்ள தமிழர்கள் எல்லோருக்கும் அவர் மெல்போர்ன் ஆன்ட்டி. “குதிரைப் பந்தயத்துக்கு ஒரு நாள் லீவு, ஃபுட்பால் ஃபைனலுக்கு முந்தின நாள் ஒரு லீவு. ஒரு ஸ்டேட்டே சேர்ந்து லீவு விடுது, தெரியுமா? இங்க என்ன இருக்கு? டோல் ரோடு இருக்கு” என்பார். அவர் சொன்ன ஃபுட்பால் நாம் அறிந்த கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையாலும் குத்தலாம், காலாலும் உதைக்கலாம். நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஓடுவார்கள்.

அந்த ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்ட கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கல்யாணமாகிப் போன புதிதில், வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி முதன்முதலாகக் கேட்ட கேள்வி, எந்த டீம் என்பது. “ஊரு எதுன்னு கேக்கல, வீட்டுக்காரர் என்ன வேலைன்னு கேக்கல. டீம் எதுன்னுதான் கேட்டா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நாங்க குடியிருந்த ஏரியா பேரையே சொல்லிட்டேன். அந்தப் பேர்லயே ஒரு டீம் இருந்திருக்கு. அவ வேலி மேல சாஞ்சு என்னைக் கட்டிப் பிடிச்சா. அவளும் அதே டீமாம்!” வாய் தவறிச் சொன்ன அந்த அணியை அவர் பிறகு விடவேயில்லை. அது ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். டெக்சாஸ் வந்த பிறகும் சனிக்கிழமை விடியலில், அங்கே அது மாலை ஆட்டம், கழுத்தில் கம்பளி ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு டிவி முன் உட்கார்ந்துவிடுவார். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கும். ஸ்கார்ஃபை மட்டும் கழற்ற மாட்டார்.

எங்கள் ஊரில் இருந்த பந்து விளையாட்டு எதிலும் எனக்கு இடம் இருந்ததில்லை. அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் வளர்ந்தவள் நான். அப்பா, அம்மா இரண்டு பேரும் அந்தத் தறிகளில்தான் வேலை பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கையெழுத்து வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் என் விடை சரியா தப்பா என்று யாரோ திருத்திச் சொன்னார்கள். பெரும்பாலும் சரி என்றே சொன்னார்கள். அதனால் “மாத்திச் சொல்லிடுவ” என்று ஆன்ட்டி சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பாக்கலாம் ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னேன்.

ரவுண்ட் ராக்கில் இந்த ஆட்டத்துக்கு ஓர் உள்ளூர் அணி இருந்தது. வேலைக்காக வந்த சில ஆஸ்திரேலியர்கள், வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்துகொண்ட அமெரிக்கர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆன்ட்டியின் மகன். ஆன்ட்டி அதன் மேனேஜர். தண்ணீர் கேன், ஆரஞ்சுத் துண்டுகள், முறுக்கு டப்பா, அடிபட்டவனுக்கு ஐஸ் பை, எல்லாம் அவர் பொறுப்பு. இந்த மாதிரிச் சின்ன அணிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் விசில் ஊதுபவர் மட்டும்தான் பொது ஆள். ஆளுக்கொரு முனையில் கோல் கம்பத்துக்கு அடியில் நின்று கொடி காட்டுவதற்கு ஒவ்வோர் அணியும் தன் ஆள் ஒருவரைக் கொடுக்க வேண்டும். எங்கள் அணிக்கு அதைச் செய்தவர் வேறு ஊருக்கு மாறிப் போனதால் ஆன்ட்டி என்னை இழுத்துவந்தார்.

வேலை சிக்கலானது இல்லை. முனைக்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்த பந்து சுத்தமாகப் போனால் கோல், ஆறு புள்ளி, இரண்டு கொடிகள். விலகிப் போனாலோ, நடுக் கம்பத்தில் லேசாக உரசிவிட்டாலோ ஒரே புள்ளி, ஒற்றைக் கொடி. எங்களுக்கு நிரந்தரக் கம்பங்கள் கிடையாது. ஆட்டத்தன்று காலையில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களை இரும்புத் தாங்கியில் சொருகி நிறுத்துவார்கள். டெக்சாஸ் காற்றில் அவை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். அம்மாவிடம் போனில் சொன்னபோது, “கொடி ஆட்டுறதா? ஆபீஸ்ல அதையும் சேத்துப் பாக்கச் சொல்றாகளா?” என்று கேட்டார்.

முதல் சில ஆட்டங்களில் ஒரு தகராறும் வரவில்லை. பிறகு பிளானோ ஊர் அணி ஆட வந்தது. கடைசி நிமிடங்கள். நாங்கள் மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். ஒரு கோல் விழுந்தால் ஜெயிப்போம். பந்து ஆன்ட்டியின் மகன் கைக்கு வந்தது. ஓடிவந்து உதைத்தான். உயரமாக வந்த பந்து இடது நடுக் கம்பத்தின் பக்கமாக வளைந்தது. நான் கம்பத்தின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் அந்தக் குழாய் மெதுவாகச் சாய்ந்து நிமிரும். பந்து தாண்டிய கணத்தில் அது சாயவில்லை, அதிர்ந்தது. உச்சியில் சின்னதாக ஒரு சத்தமும் கேட்டது. பந்து என் பின்னால் விழுந்தபோது எங்கள் ஆட்கள் ஏற்கெனவே கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கம்பத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினேன். பந்து பட்டது என்பதற்கான சைகை அது. உடனே கத்தல் கிளம்பியது. காற்று என்றார்கள், கண் இல்லையா என்றார்கள், நீ யார் அணி என்றார்கள். அதெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் சோறு வேண்டுமா என்று கேட்க முடியும் என்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அது பெரிய சத்தம் இல்லை. ஆனால் எல்லைக் கோட்டிலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. “ஏய், கோல்தான்டி அது! ரெண்டு எடு! என் புள்ள அடிச்சதுடி, ரெண்டு கொடி எடு!” அந்த மைதானத்தில் அது புரிகிற இன்னோர் ஆள் அவர் மகன்தான். அவன் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குரல் காதோடு நிற்காமல் கைக்கே வந்தது. காலையில் எனக்குத் தோசை வார்த்துக் கொடுத்த குரல், ஜுரத்தில் படுத்தபோது கஞ்சி கொண்டுவந்து கதவைத் தட்டிய குரல். இரண்டு கொடிகளையும் பிடித்திருந்த என் கைகள் ஒரு கணம் சேர்ந்தே அசைந்தன. பிறகு கோணல் தையல் கொடியைக் கீழே போட்டுவிட்டு மற்றதை மட்டும் தூக்கி ஆட்டினேன். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

அவர் காரில்தான் திரும்ப வேண்டும். ஃப்ரீவே முழுவதும் அவர் பேசவில்லை, ரேடியோவையும் போடவில்லை. மகன் பின் சீட்டிலிருந்து “இட்ஸ் ஓகே, அம்மா” என்றான். “நீ சும்மா இரு” என்ற ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய், போனில் வேறு அறைகள் தேடிப் பார்த்தேன். அடுத்த நாட்களில் தோசை வந்தது, சட்னியும் வந்தது, பேச்சு வரவில்லை. நான் பார்த்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சரியாக இருந்ததற்கு ஒரு வீட்டை இழக்க நேரலாம் என்று எந்தப் பரீட்சையிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை விடியலில் காபி வாசனைக்குக் கீழே இறங்கி வந்தேன். ஆன்ட்டி ஸ்கார்ஃபோடு டிவி முன்னால் இருந்தார். அங்கிள் ஓரமாக உட்கார்ந்து போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஆட்டம் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆன்ட்டியின் அணி உதைத்த ஒரு பந்துக்கு அங்கிருந்த கோல் அம்பயர் கம்பத்தைத் தட்டிக் காட்டி ஒற்றைக் கொடியை எடுத்தார். ஆன்ட்டி எழுந்தே விட்டார். “கண்ண எங்க வச்சிருக்கான் இவன்! கம்பத்துக்குக் கீழ நின்னுட்டுத் தூங்குறானா?” பிறகு டிவியில் அதைத் திரும்பவும் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பந்து கம்பத்தை உரசியது தெளிவாகத் தெரிந்தது. அங்கிள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “இவனையும் மாடியில குடி வச்சிருக்கியா?”

ஆன்ட்டி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஸ்கார்ஃபின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய், ஒரு டம்ளர் காபியோடு வந்து என்னருகே படியில் உட்கார்ந்தார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை, டிவியைத்தான் பார்த்தார்.

“அன்னைக்குப் பட்டுச்சா?”

“பட்டுச்சு ஆன்ட்டி.”

“காத்து இல்லையா?”

“காத்து இல்ல.”

“ம்” என்றார். காபியை என் கையில் கொடுத்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்கு என்னை வா என்று கூப்பிடவில்லை. ஆனால் அன்று காலை காரில் நான் உட்காரும் முன் சீட்டில் கொடிகள் இருந்தன.

அங்கிளின் மாற்றல் காலம் முடிந்து அவர்கள் மெல்போர்ன் திரும்பிவிட்டார்கள். போகும்போது குக்கரையும் சோபாவையும் கொடிகளையும் எனக்கு விட்டுப் போனார்கள். நான் இப்போது தனி அபார்ட்மெண்டில் இருக்கிறேன். ஆட்ட நாட்களில் கம்பத்தின் கீழே நிற்கிறேன். முறுக்கு இப்போது கடையில் வாங்குவது. ஆட்களுக்கு அந்தக் குறை இருக்கிறது. எல்லைக் கோட்டிலிருந்து இப்போதும் கத்துகிறார்கள். தமிழில் கத்துவதற்குத்தான் ஆளில்லை.

சில வாரங்களுக்கு முன் ஆன்ட்டி போன் செய்தார். அவர்கள் தெருவுக்கு அருகில் உள்ள உள்ளூர் கிளப்பில் அவர் இப்போது கமிட்டி உறுப்பினராம். “எங்க செகண்ட் டீமுக்கு கிளப்பேதான் கோல் அம்பயர் கொடுக்கணும். இருக்கிற ஆளு ஒரு மாசம் ஊருக்குப் போறான். டெக்சாஸ்ல எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா, கொடி காட்ட வருவான்னு கமிட்டியில சொல்லிட்டேன். லீவு போட்டு வா. ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன். நான் கத்துவேன். என்னால கத்தாம இருக்க முடியாது.”

“எதுல ஆன்ட்டி கத்துவீங்க?”

“உனக்குப் புரியிற மாதிரிதான்.”

லீவு கிடைத்துவிட்டது, விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அங்கே இப்போது குளிர்காலம் என்பதால் கனமான கோட் ஒன்று வாங்கி, பெட்டியின் அடியில் மடித்து வைத்தேன். அதன் மேல் இரண்டு கொடிகள். குச்சிகள் நேராகப் படுக்க மறுத்தன. குறுக்காகப் போட்டு, கோணல் தையல் மேலே தெரிய, பெட்டியை மூடிவிட்டேன்.