அங்கிட்டுக்காரி

கோடைக்காலத்தில் தினமும் சாயங்காலம் டிவியில் வெயில் பட்டியல் வாசிப்பார்கள். வேலூர், திருச்சி, மதுரை, கரூர். எங்கள் ஊர் அதில் வரவே வராது. இங்கே வெயில் இல்லாமல் இல்லை, அளக்கத்தான் கருவி இல்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்து, வேலூரில் மக்கள் அவதி என்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் அவதிப்படுவதற்குக்கூடக் கருவி வந்து சாட்சி சொல்ல வேண்டும் போல.

அறந்தாங்கிக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். இன்னும் கிழக்கே போனால் மணமேல்குடிக் கடல். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம், அதைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் கல்லணையிலிருந்து வெட்டிய கால்வாய் அந்த மாவட்டத்தையெல்லாம் நனைத்துவிட்டு, கடைசியாக எங்கள் பக்கம் வந்து முடிகிறது. அதனால் எங்களுக்குக் கடைமடை என்று பேர். தண்ணீர் திறந்ததும் ‘கடைமடை விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று பேப்பரில் போடுவார்கள். நாங்கள் எப்போது மகிழ்ந்தோம் என்று எழுதினவரைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கமும் தஞ்சாவூர் மாவட்டம்தான். புதுக்கோட்டையைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது எங்கள் தாலுகாவை வெட்டி இதில் சேர்த்தார்கள். கோடு போட்டவருக்கு அது பேனா வேலை. வாய்க்கால் என்னவோ பழையபடி ஒன்றாகத்தான் கிடந்தது. ஆனால் பாலத்தில் பச்சைப் பலகை வைத்த பிறகு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ், இந்தப் பக்கம் ஒரு ஆபீஸ் என்று ஆகிவிட்டது.

நான் பிறந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ‘அங்கிட்டு’ என்றால் இந்த ஊர்ப்பக்கம் என்று அர்த்தம். அங்கிட்டு வெயில் ஜாஸ்தி, அங்கிட்டு பொண்ணு குடுத்தா கண்ணுல தண்ணிதான் என்று பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டு என்னை இங்கேயே கட்டிக்கொடுத்தார்கள். வந்த புதிதில் வாய் தவறி, “அங்கிட்டு எங்க ஊர்ல” என்று ஆரம்பிப்பேன். இப்போது எனக்கு இதுதான் இங்கிட்டு. பிறந்த வீடு அங்கிட்டுப் போய்விட்டது.

போன சம்பாவில் பயிர் நன்றாகத்தான் வந்தது. எங்களுக்கு அது ஒரு போகம்தான். அது வந்தால் வருசம் முழுக்க வீட்டில் சொந்தச் சோறு. கார்த்திகையில் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரத்துக்கு வாய்க்கால் காய்ந்துவிட்டது. மழையும் ஏமாற்றியது. என் வீட்டுக்காரர் பாசன ஆபீசுக்குப் போய்க் கேட்டார். “மேல இருந்து விட்டாத்தாங்க நாங்க விட முடியும்” என்றார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனார். “விட்டாச்சுங்களே, பாலம் வரைக்கும்தாங்க எங்க பொறுப்பு” என்றார்கள். திரும்பி வந்து, “ரெண்டு பேருமே மரியாதையாத்தான் பேசுறாங்க” என்றார். மரியாதையை மடையில் விட்டால் பாயுமா என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் அவரை வண்டியை எடுக்கச் சொல்லி, வாய்க்கால் கரையோடே வடக்கே போனோம். பாலம் வரைக்கும் வெறும் மணல், அதில் ஆடு படுத்திருந்தது. பாலம் தாண்டிக் கொஞ்சம் போனதும் தண்ணீர் கரை தொட்டு நின்றது. குறுக்கே மணல் மூட்டைகள். மூட்டைக்கு மேற்புறம் என் அப்பாவின் வயல். இப்போது அது என் தம்பியுடையது. அந்த வயல் ஏற்கெனவே நிறைந்து, தண்ணீர் வரப்பு வழிந்து தென்னந்தோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி மண்வெட்டியோடு கரையில் நின்றான்.

“வா அக்கா, வாங்க மச்சான். என்ன திடீர்னு? வீட்டுக்கு வாங்க, சாப்புடலாம்.”

“சாப்பாடு கெடக்கட்டும். மூட்டைய எடுடா.”

“நான் மட்டுமா வச்சிருக்கேன்? மேல போய்ப் பாரு, ஊரே வச்சிருக்கு.”

“ஒன் தென்னைக்கு இப்ப என்ன தாகம்? அங்க கதிரு காயுதுடா.”

“எடுத்தா மட்டும் ஒன் வயலுக்கா வந்துரப் போவுது? அங்கிட்டு ஆளுங்க எல்லாம்ல பங்குக்கு வருவாங்க. அவங்களுக்காக நம்ம தண்ணிய விட முடியுமாக்கா?”

“அப்ப நான் எங்கிட்டு ஆளுடா?”

அவன் சிரித்துவிட்டான். “நீ ஒண்ணு. ஒனக்குத்தான் வருசா வருசம் சீரு கொண்டாரேன்ல? அரிசி வேணும்னா ரெண்டு மூட்டை சேத்துப் போடுறேன்.”

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு இதே வாய்க்காலில் நான் குளிப்பாட்டிய பிள்ளை அவன். அப்போதெல்லாம் தண்ணீர் யாருடையது என்று நாங்கள் கேட்டதில்லை. அவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியில் ஏறினேன்.

பயிர் சாவியாய்ப் போனது. பார்த்தால் தெரியாது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது விளைந்த வயல்தான். கிட்டே போய் நெல்லை நசுக்கினால் உமிதான் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. மணி பிடித்த கதிர் தலை சாயும், எங்கள் கதிர்கள் நட்டுக்கொண்டு நின்றன. அறுப்புக்கூலிக்குக்கூட ஆகாது என்று வீட்டுக்காரர் மாடுகளை வயலில் மேய இறக்கிவிட்டார். இறக்குவதற்கு முன்னால் நான் போய் ஒரு கட்டு அறுத்து வைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முதல் நாள் தம்பி சீரோடு வந்தான். பெரிய தாம்பாளத்தில் புதுப் பச்சரிசி, வெல்லம், தேங்காய், வாழைப்பழம், மஞ்சள் கொத்து, மேலே ஒரு புடவை. கரும்புக் கட்டு தனியாக. சொன்னபடியே கூடுதலாக இரண்டு மூட்டை அரிசியும் வண்டியில் இருந்தது. மூட்டையை இறக்க வேண்டாம் என்றேன். தாம்பாளத்தை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. தாம்பாளத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கமும் இல்லை.

காபி கொடுத்தேன், குடித்தான். கிளம்பும்போது தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, நடுவில் அந்தக் கதிர்க்கட்டை வைத்து நீட்டினேன்.

“என்னக்கா இது?”

“அங்கிட்டு வெளைச்சல்.”

விவசாயி கை, கதிரைக் கண்டால் சும்மா இருக்காது. ஒன்றை உருவி உள்ளங்கையில் போட்டுக் கசக்கி, வழக்கம்போல வாயருகே கொண்டுபோய் ஊதினான். உமி பறந்தது. அவன் கையை விரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு மணிகூட இல்லை.

தாம்பாளத்தை வாங்கிக்கொள்ள அவன் கை நீளவில்லை. நானும் நீட்டிய கையை மடக்கவில்லை.