மேடம் கொண்டுவந்த பரிசுகள்

ஏரிப் பூங்காவின் வாசல் கேட்டில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவளை எல்லோரும் கேட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் பிளாஸ்டிக் பையோடு வருகிறவர்கள் அவள் வாயிலிருந்து தப்ப முடியாது. கரை மணலில் ஆள்காட்டிக் குருவிகள் முட்டையிடும் காலத்தில் அந்த வாய் இன்னும் நீளும். கூடு என்று பெயருக்கு ஒரு சின்னக் குழிதான். சுற்றிலும் கயிறு கட்டி, "பிள்ளை பெத்த வீடு, சத்தம் போடாதீங்க" என்று அட்டையில் எழுதி வைத்தது அவள்தான். தாய்க்குருவி கத்தினால், "வரேன், வரேன், உயிர் போற மாதிரி கத்தாத" என்று பதில் வேறு சொல்வாள்.

இந்த வருஷம் குஞ்சுகள் பொரித்த வேகத்தில் காணாமல் போயின. பறவைகளை ஆராய வந்த ஒரு பெண் நீல வளையம் காலில் மாட்டிவிட்டுப் போன குஞ்சுகளும் தப்பவில்லை.

யார் வேலை என்பதில் கேட்டக்காவுக்குச் சந்தேகமே இல்லை. எதிரே தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரரின் கறுப்பு நாய்தான் வேலிச் சந்தில் புகுந்து உள்ளே போய்ப் படுக்கும்.

"உங்க நாய் கொழுகொழுன்னு இருக்கே, எதைத் தின்னு?" என்று துணி கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டாள்.

"அக்கா, அது பிஸ்கட்டையே பயந்து பயந்து தின்னும். அதுவா வேட்டையாடும்?"

"கட்டிப் போடுறீங்களா, இல்ல வண்டியை எடுக்கச் சொல்லி ஆபீஸ்ல சொல்லட்டுமா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் நாய் வண்டிச் சக்கரத்தோடு சங்கிலியில் கிடந்தது.

பூங்காவை ஒட்டியிருந்த கேட்டக்கா வீட்டில் ஒரு பூனை உண்டு. நடையைப் பார்த்து மேடம் என்று பெயர். ராத்திரி சுற்றிவிட்டு வந்து எலி, பல்லி என்று எதையாவது கட்டிலுக்கு அடியில் வைக்கும். "சம்பாதிச்சுப் போடுறா" என்று அவள் பெருமைப்படுவாள். "அப்ப இந்த வீட்ல தண்டச்சோறு நான் மட்டும்தான்" என்பார் வீட்டுக்காரர்.

லீவு நாளில் கட்டிலை நகர்த்திக் கூட்டியபோது தூசியோடு இறகுகள் வந்தன. நீலமாக ஒன்று உருண்டது. சட்டைப் பொத்தான் என்று எடுத்தாள். வளையம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாயைத் தொறக்காத" என்றார் வீட்டுக்காரர். "யாருக்குத் தெரியப்போகுது? கூட்டித் தள்ளு."

அவள் எழுந்து ஜன்னல்களைச் சாத்தினாள். வெளியே போக முடியாமல் மேடம் விடியும்வரை கத்தியது.

காலையில் இஸ்திரி வண்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். தனியாக இருக்கும்போது வரலாமே என்று கால் பின்வாங்கியது. அன்றைக்குத் திட்டியது தனியாக அல்லவே. தேய்த்து அடுக்கியிருந்த துணிமேல் வளையத்தை வைத்தாள்.

"உங்க நாய் இல்லண்ணே. என் வீட்டுப் பூனை."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேங்க்கா. அன்னிக்கு அதை அடிச்சிட்டேன்."

அவள் குனிந்து நாயின் சங்கிலியைக் கழற்றினாள். கழுத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. நாய் கடித்திருந்தால்கூடத் தேவலை. அது அவள் கையை நக்கிவிட்டு வாலை ஆட்டியது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் தாய்க்குருவி கத்த ஆரம்பித்தது. கேட்டக்கா பதில் சொல்லாமல் கேட்டைத் திறந்து, சீட்டுப் புத்தகத்தை வெறுமனே புரட்டிக்கொண்டிருந்தாள்.