மொட்டைகள் ஆண்ட இந்தியா

வெள்ளைக்காரனுக்கு முன்பே வேற்றுக்கிரகத்துக்காரர்கள் திருத்தணி மலையில் இறங்கி இந்தியாவைப் பிடித்திருந்தால்? இதுதான் பாவா எடுத்த படத்தின் கதை. பாவா என் அக்காவின் கணவர்; செல்போன் கடை வைத்திருப்பவர். கடையில் விலைபோகாமல் கிடந்த ஒரு போன்தான் எங்கள் கேமரா.

வேற்றுக்கிரகத்துக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. மலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வருகிறவர்களை மறித்து, "இப்டி கொஞ்சம் நடந்து காட்டுங்க சாமி" என்பார் பாவா. மஞ்சள் மண்டைகளாக ஒரு படையே நடந்தது. அவர்கள் ஆட்சியிலும் ஒரு சான்றிதழுக்கு ஏழு முறை அலைய வேண்டும். சரித்திரத்தில் அதை மட்டும் பாவா மாற்றவில்லை. அவர்களை விரட்டப்போகும், தலையில் முடியுள்ள ஒரே வீரன் நான். தோள்வரை தொங்கும் முடி. நடிப்பு வராது என்பதை அதுதான் மறைத்தது.

கடைசிச் சண்டை பாக்கி இருந்தபோது ஆடிக் கிருத்திகை வந்தது. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் ஆடிக் கிருத்திகையன்று முருகனுக்கு என் முடியைத் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். நைனாவும் பிழைத்து வீடு வந்துவிட்டார்.

"ஒரு வாரம் தள்ளிப் போட்டா முருகன் கோச்சிக்குவாரா அத்தே?" என்றார் பாவா.

"அவரு கோச்சிக்க மாட்டாருங்க மாப்ளே. நான் கோச்சிக்குவேன்."

அவ்வளவுதான். கத்தி பட்டதும் நான் அழுதேன். பக்தி என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

வீரன் இல்லாத பூமியை வேற்றுக்கிரகத்துக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று பாவா முடிவை மாற்றினார். சந்தனத் தலையோடு நானும் அந்தப் படையில் ஏழாவது ஆளாக நடந்தேன். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

படத்தை எங்கள் வீட்டு டிவியில்தான் போட்டோம். முதல் பாதி முழுக்க முடியைச் சிலுப்பிக்கொண்டு சவால் விட்ட வீரன், கடைசியில் மொட்டையோடு எதிரிப் படையில் நடந்து வந்தான். தையல் வலிக்காமலிருக்க டாக்டர் சொன்னபடி தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நைனா. "த்தோ நம்ம புள்ள! கட்சி மாறிட்டான்!" என்று தொடங்கியவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே தானும் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

முடி போன வருத்தம் அப்போதே தீர்ந்தது என்றால் பொய். வழுவழுத் தலையைத் தடவியபடி முறைத்துக்கொண்டுதான் நின்றேன்.

நைனா தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தபா போடுடா."

போட்டேன்.