கூட்டம் கேட்ட கணினி

1986 பங்குனியில் நாங்கள் இருவர் சேர்ந்து ஒரு சிறு கணினி வாங்கினோம். மற்றவர் என்னோடு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர், தம்மம்பட்டிக்காரர். ஒரு மாதம் சூரமங்கலத்தில் என் வீட்டில், ஒரு மாதம் அவர் வீட்டில் என்று முறை வைத்துக்கொண்டோம். திரைக்கு டி.வி.; எழுதிய புரோகிராமைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். ஞாயிறுதோறும் யார் வீட்டில் கணினி இருக்கிறதோ அங்கே கூடுவோம்.

அந்நாளில் ஊரெங்கும் சாதிச் சங்கங்கள் பலகை மாட்டிக்கொண்டிருந்தன. படித்தவர்களும் அதில் சேர்வதா என்று சாப்பாட்டு வேளையில் நான் நிறையப் பேசுவேன். அவர் டிபன் டப்பாவை மூடியபடி கேட்டுக்கொள்வார்.

ஆடியில் ஒரு ஞாயிறு புதுச்சத்திரத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். அவரை அசத்துவதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். எங்கள் சாதியில் குலப்பிரிவைக் கூட்டம் என்போம்; ஒரே கூட்டத்தார் எல்லோரும் பங்காளிகள். அதற்குள் பெண் எடுப்பதில்லை. பெண்ணின் கூட்டத்தையும் மாப்பிள்ளையின் கூட்டத்தையும் ஆங்கில எழுத்தில் அடித்தால், முறை உண்டா இல்லையா என்று கணினி சொல்லும்.

மாமனார் ஒரு விரலால் அடித்துப் பார்த்தார். அண்ணன் தங்கை என்று வந்தது.

“ஏனுங்க மாப்ள, தரகனுக்குச் சோறு போச்சுங்களே” என்றார். சிரித்துவிட்டு நண்பர் பக்கம் திரும்பினார். “தம்பியும் அடிச்சுப் பாருங்க. தம்பிக்கு என்ன கூட்டமுங்க?”

“எங்கள்ல அதெல்லாம் இல்லைங்க” என்றார் நண்பர்.

“அப்புறம்?”

என்ன கூட்டம் என்பது எங்கள் பக்கத்தில் ஒருவரின் சாதியை மரியாதையாகக் கேட்கும் வழி. எனக்குத் தெரியும். பேச்சை மாற்றுவதாக எண்ணிக்கொண்டு, “சும்மா விளையாட்டுக்குத்தானே, ஏதாவது அடிங்க சார்” என்றேன்.

அவர் தன் ஊர்ப் பெயரை அடித்தார். அப்படி ஒரு கூட்டம் இல்லை, மறுபடியும் அடிக்கவும் என்று திரையில் வந்தது. நான் எழுதிய வாக்கியம்.

“மிஷினு சரியாத்தான் சொல்லுது” என்றார் மாமனார்.

நண்பர் நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

மாதம் முடிந்ததும் முறைப்படி கணினியை எடுத்துப் போக வந்தார். வயர்களைச் சுருட்டினார். கேசட்டுகளில் ஒன்றை மட்டும் மேசையில் வைத்தார். “இது உங்களுது சார்.”

பொங்கல் கழிந்து, அவர் தன் சாதிச் சங்க மாநாட்டுக்குப் போய்வந்ததாகக் கேள்விப்பட்டு, “நீங்களுமா?” என்றேன்.

“அங்க நான் யாருன்னு யாரும் கேக்கல சார். இடம் போட்டு உக்காரச் சொன்னாங்க.”

சாதியை வைத்து அரசியல் செய்வது நம்மை ஒன்றுசேர விடாது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை அவரிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பலகை மாட்டாத ஒரு சங்கம் என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. அதன் உறுப்பினர் பட்டியலை நானே அடித்து ஏற்றியிருந்தேன்.

அன்று போகும்போது அவர் கேட்டார்: “உங்க முறை வந்து ரொம்ப நாளாச்சு. கம்ப்யூட்டரைக் கொண்டாந்துடட்டுமா சார்?”

“உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றேன்.

விட்டுக்கொடுத்துவிட்டதாக மனைவியிடம் சொன்னேன். கணினி வந்தால் ஞாயிற்றுக்கிழமை அவரும் வருவார். அதே நாற்காலியில் உட்காருவார்.