மூலையில் உட்கார்ந்த மீன்கொத்தி

வீட்டில் எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தொலைக்காட்சியின் வலது மேல்மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கதாநாயகி அழுது முடித்து மூக்கையும் துடைத்தாயிற்று. அது அவருக்குத் தெரியாது. "இந்தச் சேனல்காரன் லோகோவை ஒரு நூல் கீழ இறக்கியிருக்கான், பாத்தீங்களா?" என்கிறார். கணவர் பதில் சொல்வதில்லை. கல்யாணமானதிலிருந்து கேட்டு வருகிற கேள்வி.

அலுவலகத்தில் அவருக்கு மூலையக்கா என்று பெயர். ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் வரைகலைப் பிரிவில் மூத்தவர். அந்த நிலையத்தின் சின்னமான மீன்கொத்தி அவர் வரைந்தது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே அது தண்ணீருக்குள் பாய்ந்து எழும். தெறிக்கும் துளிகள் கூடி நிலையத்தின் பெயராகும். அந்த நான்கு விநாடிப் படமும் அவர் கைவேலைதான். முதலில் அட்டையில் வரைந்து கேமராவில் பிடித்தார்கள். கணிப்பொறி வந்ததும் பறவைக்குத் தங்க மினுமினுப்பும் நிழலும் ஏறின. பிறகு அந்த மோகம் போய்விட, இவரே எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தட்டையாக்கினார். "நகை போட்டு அழகு பாத்ததும் நான்தான், கழட்டி வச்சதும் நான்தான்" என்பார்.

அலகு மட்டும் மாறவில்லை. மீன்கொத்திக்கு அலகு நீளம், இதற்குக் குட்டை. "அந்தக் காலத்து டிவி படத்தோட ஓரத்தை முழுங்கிடும். மூக்கு போச்சுன்னா அது காக்காவா குருவியான்னு யாருக்குத் தெரியும்? அதான் நானே நறுக்கிட்டேன்."

சென்ற மாதம் வெளிமாநில நிலையம் ஒன்றிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது. குட்டை அலகுப் பறவை பதினாறு வருடமாகத் தங்கள் சின்னமென்றும், அதைப் பார்த்துத்தான் இந்த மீன்கொத்தியை வரைந்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. மேலாளர் இவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்கேயாவது பாத்து..." என்று இழுத்தார்.

"நான் வரைஞ்சு பதினெட்டு வருஷம் ஆச்சு சார்."

"ஆதாரம் ஏதாவது இருக்கா?"

இல்லை. பழைய ஒளிநாடாக்களின் மேலேயே அலுவலகம் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டது. வரைந்த தாள்களை வீடு மாறும்போது அவரே குப்பையில் போட்டிருந்தார்.

கடிதம்கூடப் பரவாயில்லை. அதன் பின்னால் வந்த சந்தேகம்தான் ஆளை அரித்தது. "பதினெட்டுன்னு நானா நினைச்சுக்கிட்டிருக்கேனோ?" என்று கணவரிடம் கேட்டார். "எங்கேயோ கண்ணுல பட்டதைக் கை வரைஞ்சுட்டு, என் யோசனைன்னு பெருமையடிச்சுக்கிட்டேனோ?" இந்தக் கேள்விக்குக் கணவரால் சும்மா இருக்க முடியவில்லை. தையல்கடை வைத்திருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டார்.

நாத்தனார் மறுநாளே ஒரு பை நிறைய கேசட்டும், அவற்றைப் போட்டுப் பார்க்கும் பெட்டியுமாக வந்து இறங்கினார். "சீரியல் ஒண்ணு விடாமப் புடிச்சு வச்சேன். இந்தக் குப்பையை எதுக்குச் சேக்குறேன்னு கேட்டீங்களே அண்ணி, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இப்பப் போடு."

மூன்று நாள் மத்தியானம் ஓடவிட்டார்கள். ஏழாவது கேசட்டில், மாமியாரும் மருமகளும் சண்டை போட்டு ஓய்ந்த இடத்தில், புத்தாண்டு வாழ்த்து வந்தது. பெரிய எழுத்தில் வருடம். பக்கத்திலேயே, குட்டை அலகோடு, மீன்கொத்தி.

நாத்தனார் விரல்விட்டு எண்ணினார். "பதினெட்டேதான் அண்ணி." மூலையக்கா தரையிலேயே கால் நீட்டிச் சாய்ந்துவிட்டார்.

கேசட்டின் பிரதியை அனுப்பிவைத்த பத்தாம் நாள், கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அந்த நிலையம் எழுதியது. சாப்பாட்டு நேரத்தில் மேலாளரே அதை எடுத்துக்கொண்டு இவர் மேஜைக்கு வந்தார். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

மூலையக்கா கடிதத்தை இரண்டு முறை படித்து, மடித்து வைத்தார். பிறகு பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து நிதானமாக உரித்தார். அதை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை மேலாளர் பக்கம் நீட்டினார்.