மார்லேய்டி தைத்தது

ஜெனிவாலைப் பற்றி இபனேமா கடற்கரை மணலில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெண்டாட்டி பணக்காரியானதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்பான் ஒருவன். கிறுக்குப் பிடித்து மணலுக்கே திரும்பிவந்து போலீசில் மாட்டிக்கொண்டான் என்பான் இன்னொருவன். வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள், பேசட்டும். அவனைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

அவனும் மார்லேய்டியும் வடக்கே பராய்பாவிலிருந்து ஒரே பேருந்தில் ரியோவுக்கு வந்து சேர்ந்தவர்கள். விடிகால் என்ற சேரிக் குன்றில் மூச்சு வாங்க ஏறிப்போனால் வரும் ஓர் அறை, அதற்குள் கட்டிலும் அடுப்பும் தையல் மிஷினும். அவள் உள்ளாடை ஆலையில் தையல்காரி. அவன் பெரிய கடற்கரைக் குடையின் கம்பிகளில் பிகினிகளைத் தொங்கவிட்டு, அந்தக் குடையைத் தோளில் சுமந்து மணலில் பகல் முழுக்க நடப்பான். கொதிக்கிற மணல். செருப்புப் போட்டாலும் பாதம் வெந்துபோகும்.

ஒருநாள் ஓர் அம்மாள் அவனிடம் வாங்கிய பிகினி மேலாடையை ஓர் அலை வந்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. அந்த அம்மாள் மார்பைக் கட்டிக்கொண்டு கரையேறி வந்து, ஊரே பார்க்க அவனைத் திட்டித் தீர்த்தாள். சாயங்காலம் அதை அவன் நடித்துக் காட்ட, மார்லேய்டி வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குடையிலிருந்து ஒன்றை உருவித் தையலைப் பிரித்துப் பார்த்தாள்.

"இதைத் தைச்சவன் கடல்ல காலைக்கூட நனைச்சிருக்க மாட்டான்" என்றாள். "நாடாவை ஓரத்துல ஒட்ட வச்ச மாதிரி தைச்சிருக்கான். இழுத்தா வராம என்ன செய்யும்?"

ஆலையில் கழித்துப்போட்ட வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்து அவளே தைத்தாள். நாடாவை உள்துணிக்குள் விட்டு முதுகு வரை சுற்றிக்கொண்டுபோய், மூன்று ஓட்டுத் தையல். முடிச்சுப் போடுவதற்கும் தனியாக ஒரு முறை கண்டுபிடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெனிவாலின் குரல் கடற்கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்டது.

"அலையடிச்சாலும் அவிழாது! மார்லேய்டி தைச்சது!"

தோளில் இரண்டு தகர டிரம்களை மாட்டிக்கொண்டு குளிர்ந்த மாத்தே தேநீர் விற்கிற பிராஸ் அவனுக்குக் கூட்டாளி. "ஏண்டா, பொண்டாட்டி பேரை இப்படி ஊர் பூரா கத்துறியே, எவனாவது தூக்கிட்டுப் போயிடப் போறான்" என்பான்.

"தூக்கிட்டுப் போறவன் ரெண்டே நாள்ல கொண்டாந்து விட்டுடுவான். அவ வாய் அப்படி" என்பான் ஜெனிவால்.

சொல்லும்போது முகமெல்லாம் பெருமையாக இருக்கும். பெண்டாட்டி மேல் அவ்வளவு பைத்தியம் அந்த மனுஷனுக்கு.

தூக்கிக்கொண்டு போகத்தான் வந்தாள் எலோயிசா. லெப்லோன் பக்கத்துப் பணக்காரி. மணலில் படுத்திருந்தவள் ஒன்று வாங்கினாள். மறுவாரம் அந்த மார்லேய்டியை நேரில் பார்த்தே தீருவேன் என்று வாடகை மோட்டார் சைக்கிளில் கண்ணை இறுக மூடிக்கொண்டு விடிகால் குன்றுக்கு ஏறி வந்துவிட்டாள். மிஷினைப் பார்த்தாள், கட்டிலில் குவிந்திருந்த துணியைப் பார்த்தாள், அங்கேயே உட்கார்ந்து கூட்டு வியாபாரம் பேசினாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. போட்ட பணத்துக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறவள், அவ்வளவுதான்.

"மார்லேய்டின்னு போர்டு வச்சா வேலைக்காரி பேர் மாதிரி இருக்கும். சுருக்கி 'மார்லே'ன்னு வச்சுக்கலாம்" என்றாள்.

மார்லேய்டிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தலையாட்டினாள். அப்புறம் நடந்ததெல்லாம் அவர்களே நம்பாத வேகத்தில் நடந்தது. லெப்லோனில் ஒரு கடை, சாவ் பாவ்லோவில் ஒரு கடை, இத்தாலியிலிருந்து துணி, தங்கமுலாம் பூசிய வளையங்கள், உல்லாசப் படகில் சாய்ந்து நிற்கும் ஒல்லிப் பெண்களின் படங்கள். ஒரு பிகினியை ஒரு தாதியின் மாதச் சம்பளத்துக்கு விற்றார்கள். வாங்கவும் ஆள் இருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் பார்ரா என்ற வசதியான பகுதியில் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். அதுவரைக்கும் ஜெனிவால் குடையைக் கீழே வைக்கவில்லை. ஒருநாள் சோற்றில் கறுப்புப் பயற்றுக் குழம்பை ஊற்றிக்கொண்டே மார்லேய்டி சொன்னாள்.

"போதும் ஜெனி. இத்தனை வருஷம் வெயில்ல வெந்துட்ட. இனிமேயாவது வீட்ல உக்காரு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மேல் இவளுக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்தான். பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் மணலில் கூவி விற்கிற பொருளைக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் எவளும் வாங்க மாட்டாள் என்று அன்று காலை எலோயிசா கத்தியிருந்தாள். அது அவனுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. குன்றில் இருந்தபோது தைத்து மீந்துபோனதையெல்லாம் வெட்டி எறிந்துவிடு என்றும் மார்லேய்டி சொல்லியிருந்தாள். கத்தரிக்கோலை எடுத்தான், கை வரவில்லை. ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, வேலைக்காரிக்கென்று கட்டிய சின்ன அறையில் தள்ளிவைத்தான்.

அதற்கப்புறம் அவன் பட்டபாட்டை என்னவென்று சொல்வது? சாப்பாட்டுக்குக் குறையில்லை. பேசத்தான் ஆளில்லை. வாசல் காவலாளி "வணக்கம் ஐயா" என்பான், இவன் கால்பந்துக் கதையை இழுத்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு மேலே வருவான். மார்லேய்டி விமானத்திலேயே குடியிருந்தாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மார்லேயில் பாதிப் பங்கை வாங்க வந்தது. அந்தப் பேச்சுக்காக அவள் சாவ் பாவ்லோ போயிருந்த ஒரு நாள், விடிந்ததும் சாக்கை அவிழ்த்தான் ஜெனிவால். கடைத்தெருவில் ஒரு குடை வாங்கிக்கொண்டு நேராக இபனேமாவுக்குப் போனான்.

பிராஸ் டிரம்மை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டான். "வாங்க முதலாளி. வழி தவறி வந்துட்டீங்களா?"

"வாயை மூடிட்டு ஒரு மாத்தே ஊத்துடா."

குரல் முதலில் கரகரத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. புறநகர் ரயிலில் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு பெண் சிவப்பு ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "அசல் மார்லேயாண்ணே?" என்று கேட்டாள்.

"மார்லே இல்ல தாயி, மார்லேய்டி. இழுத்துப் பாரு."

அன்றைக்கு அவன் சந்தோஷமாக இருந்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

மத்தியானம் நகராட்சிக் காவலர்கள் வந்தார்கள். மணலில் போலி மார்லே விற்கிறார்கள் என்று கம்பெனியே புகார் கொடுத்திருந்தது. விற்கிறவர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். ஜெனிவால் மட்டும் நின்றான்.

"ஓடுடா மடையா" என்று பிராஸ் தூரத்திலிருந்து கத்தினான்.

"போலி விக்கிறவன் ஓடட்டும். நான் எதுக்கு ஓடணும்?"

காவல் நிலையத்திலும் அதையேதான் சொன்னான். "இது அசல் மேடம். என் பொண்டாட்டி தைச்சது. அந்தக் கம்பெனியே அவளோடதுதான். கூப்பிட்டுக் கேளுங்க." பெண் அதிகாரி அவன் செருப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஆனாலும் கூப்பிட்டாள்.

விமானத்திலிருந்து இறங்கிய கையோடு வக்கீலையும் அழைத்துக்கொண்டு வந்தாள் மார்லேய்டி. அதிகாரி எழுந்து நின்றாள். "இவர் உங்க புருஷன்னு சொல்றாரும்மா."

"ஆமா. முப்பது வருஷமா என் புருஷன்தான்" என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல்.

ஜெனிவால் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதிகாரி மேஜையில் பிகினிகளைக் கொட்டினாள். வக்கீல் மார்லேய்டியின் காதோரம் குனிந்து, தாழ்ந்த குரலில்தான் சொன்னான், ஆனால் ஜெனிவாலுக்கும் கேட்டது: "உங்களோடதுன்னு சொன்னீங்கன்னா, நாளைக்கு மணல்ல விக்கிற ஒவ்வொருத்தனும் அசல்னு சொல்வான். வெளிநாட்டுக்காரங்க இந்த வாரம் கையெழுத்துப் போட மாட்டாங்க. அத்தனையும் போச்சு."

அவள் ஒரு சிவப்பு மேலாடையை எடுத்து உட்புறம் திருப்பினாள். தையல் வழியே கட்டைவிரல் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. சிவப்பு நூல் தீர்ந்துபோய், மீதியை மஞ்சள் நூலில் தைத்து முடித்த இடம். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான் அவன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

"இது எங்களோடது இல்ல" என்றாள் மார்லேய்டி. "போலி."

"யார் தைச்சிருப்பாங்கன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது."

வக்கீல் சட்டென்று குறுக்கே புகுந்தான். ஏதோ தெரியாமல் வாங்கி விற்றுவிட்டார், இவர் மேல் கம்பெனிக்குப் புகார் இல்லை, சரக்கை மட்டும் அழித்துவிடுங்கள் என்றான். அதிகாரி ஜெனிவாலைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ சொன்னா சரிதான்" என்றான் அவன். பக்கத்திலிருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

கார் ஏரியைச் சுற்றிப் போகும்போது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வாரம் மட்டும்தான் ஜெனி. கையெழுத்தாயிடுச்சுன்னா எல்லாம் சரியாயிடும். உன்னை நான் விட்டுக்கொடுக்கலையே. அத்தனை பேர் முன்னாடி என் புருஷன்னுதானே சொன்னேன்?"

அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னை யாருன்னே தெரியாதுன்னு சொல்லியிருந்தாலும் பரவாயில்ல" என்றான். "அதைத் தைச்சது நான்தான்னு மட்டும் சொல்லியிருக்கலாம் மார்லேய்டி."

அவள் அழுதாள், வீடு வருகிறவரைக்கும் அழுதாள். அவள் அழுது அவன் சமாதானம் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது, கல்யாணமானதிலிருந்து அன்றுதான் முதல் தடவை.