தீபத்துக்குக் காலி செய்த வீடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை தீபத்தன்று நடந்தது இது. அப்போது நாங்கள் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவன். நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தீபம் நெருங்கினால் எங்கள் ஊரில் தங்குவதற்கு இடமே கிடைக்காது. லாட்ஜுகள் எல்லாம் நிரம்பிவிடும். அந்த நேரத்தில் சில வீட்டுக்காரர்கள், குடியிருப்பவர்களை நாலு நாள் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான். குடிவரும்போதே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். நாங்கள் எதையும் எழுதி வாங்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்தோம், சாவி வாங்கினோம், அவ்வளவுதான்.

அதனால் வருடா வருடம் மனைவியும் மகளும் போளூருக்கு, மைத்துனி வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் மொட்டைமாடியில் இருந்த ஷீட் கொட்டகையில் படுத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு மோட்டார் போடுவது, குப்பை எடுப்பது என்று பார்த்துக்கொள்வேன். கடையில் யாராவது கேட்டால், வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

அந்த வருடம் மகள் பிளஸ் டூ. அரையாண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டது, இந்தத் தடவை எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கும்படி மனைவி என்னை அனுப்பினாள். அவர் டீக்கடையில் இருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுப்பா, வேற எடம் பாத்துக்க. இவ்ளோ கம்மி வாடகைக்கு எவன் தரான்னு நானும் பாக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். மகளின் பள்ளிக்கூடம் அங்கிருந்து நடந்து போகிற தூரம். பரீட்சை நேரத்தில் வீடு இல்லாமல் போய்விட்டால் அவள் படிப்பு என்ன ஆவது? டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நடந்ததை மனைவியிடம் சொன்னேன். "டீ நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று பேரும் மாடிக் கொட்டகைக்குப் போனோம். துணிமணிகளை பீரோவில் வைத்துப் பூட்டினோம். சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாண போட்டோவை நான் எடுத்து, பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு வருடமும் செய்கிற வேலைதான்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவியான ஒரு அம்மா, அவருடைய வயதான மாமியார். வந்த அன்றிலிருந்தே அந்த அம்மா என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். தீபத்தன்று மதியம் அவர்களுக்காக வெந்நீர் கொண்டுபோனேன். அடுப்பங்கரை சாமான்களையும் சுவரில் இருந்த ஆணியையும் பார்த்துவிட்டு, "இது நீங்க குடியிருக்கிற வீடாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. நான் இங்க வாட்ச்மேன்."

வீட்டுக்காரர் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன் என்று சொல், போதும் என்றிருந்தார். வாட்ச்மேன் ஆனது நானாகத்தான்.

திரும்பினேன். படிக்கட்டில் மகள் நின்றிருந்தாள். கெமிஸ்ட்ரி புத்தகத்தை உள்ளேயே விட்டுவிட்டாள், அதை எடுத்துக் கொடுக்கச் சொல்ல வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மேலே ஏறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிறைந்துகொண்டிருந்த தண்ணீரின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கீழே அந்த மாமியார், விளக்கு வைப்பதற்குச் சாமி படம் தேடியிருக்கிறார். பீரோவுக்குப் பின்னால் ஒரு சட்டம் தெரியவும், சாமி படம் என்று நினைத்து வெளியே இழுத்திருக்கிறார். அது எங்கள் போட்டோ. அதில் எனக்கு மீசை கறுப்பு. மற்றபடி அடையாளம் தெரியாமல் போக ஒன்றுமில்லை.

அந்த அம்மா மாடிக்கு வந்தார். கையில் மகளின் புத்தகம். என்னைப் பார்த்தார், ஆனால் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும். புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"மலையில ஏத்தப் போறாங்க, வாங்க. உங்க வீட்டு வாசல்ல மொத வெளக்க நீங்கதான் ஏத்தணும். எங்க அத்தை திரி போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்காங்க."

மனைவி எழுந்தாள். மகளும் கூடவே போனாள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. மலை உச்சியில் தீபம் தெரிந்தது, ஊர் முழுக்க அரோகரா சத்தம். எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். எங்கள் வாசலில் என் மனைவி குனிந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "நாங்களும் வாடகை வீடுதாங்க. அடுத்த வீட்டுக்குப் போகும்போது அக்ரிமெண்ட் எழுதி, பதிவு பண்ணிக்குங்க. நாம வாடகை குடுத்து இருக்கற வீட்டுக்குள்ள ஓனரா இருந்தாலும் சொல்லிட்டுத்தான் வரணும்." அவர்களை அனுப்பிவிட்டு, உள்ளே போய்ப் பார்த்தால் கல்யாண போட்டோ பழைய ஆணியிலேயே மாட்டியிருந்தது.

மகள் பரீட்சை முடிந்ததும் வீடு தேட ஆரம்பித்தோம். அக்ரிமெண்ட் என்றதுமே பல பேர் முகம் மாறியது. அதெல்லாம் ஆபீஸருங்க கேக்கறது, உனக்கெதுக்கு என்று ஒருவர் சிரித்தார். கடைசியில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு டீச்சரம்மாவின் வீடு கிடைத்தது. வாடகை ஜாஸ்தி, கடைக்கு சைக்கிளில் ரொம்ப தூரம் மிதிக்க வேண்டும். மகள் பக்கத்தில் இருக்க, நான் வாயைத் திறந்து கேட்டேன், தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் வீட்டைக் கேட்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும் என்று. டீச்சரம்மா மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சுலபமாகக் கேட்டிருக்கலாமா என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

இப்போது ஒவ்வொரு தீபத்துக்கும் முதல் அகலை மனைவி என் கையில் கொடுக்கிறாள். மகள் அந்த மதியத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாசலில் யாராவது வந்து நின்று, இது உங்க வீடா என்று சாதாரணமாகக் கேட்டால், ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால் என் கண் இன்றைக்கும் தானாக மகளைத் தேடுகிறது.